இமயத்துக்கு இப்பால் ஒரு தேசம்: வாசகர் கேள்வி–பதில்

தலாய் லாமாவின் 90ஆம் பிறந்த நாளையொட்டி நாம் வெளியிட்ட குறிப்பைப் படித்த வாசகர்கள் திபெத்தியர்களைப் பற்றித் தொடர்ந்து கடிதங்கள் எழுதி வருகிறார்கள். ஆகவே இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: திபெத் தொன்றுதொட்டே தன்னுடைய பகுதி என்கிறது சீனா. தனி நாடாக இருந்தோம் என்கிறார்கள் திபெத்தியர்கள். யார் சொல்வது சரி?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ராஜபாளையம்

பதில்: 7ஆம் நூற்றாண்டில் சோங்ட்சென் காம்போ ஒன்றுபடுத்திய திபெத், 763இல் சீனத் தலைநகரான சாங்கானையே சில நாட்கள் பிடித்து வைத்திருக்கும் அளவுக்கு வலிமையான பேரரசாக விளங்கியது. 821, 822ஆம் ஆண்டுகளில் இரு அரசுகளும் செய்துகொண்ட உடன்படிக்கை, இரு மொழிகளிலும் பொறிக்கப்பட்ட கல்தூணாக லாசாவின் ஜோகாங் கோயிலுக்கு முன்னே இன்றும் நிற்கிறது. பின்னாளில் மங்கோலியரின் யுவான் ஆட்சியும், மஞ்சு இனத்தவரின் சிங் ஆட்சியும் திபெத்தின் மீது மேலாண்மை செலுத்தியது உண்மை. சீனாவின் உரிமைக்கோரல் பெரும்பாலும் இவ்விரண்டையும் பற்றிக்கொண்டே நிற்கிறது.

1911–12இல் சிங் பேரரசு சரிந்ததும் லாசாவிலிருந்த சீனப் படை வெளியேற்றப்பட்டது. 13ஆம் தலாய் லாமா 1913இல் திபெத்தின் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தார். அன்று முதல் 1950 வரை திபெத்துக்கென்று தனிப் படை இருந்தது; நாணயமும் அஞ்சல்தலையும் இருந்தன; வரி வசூலும் நீதிமன்றமும் லாசாவின் பொறுப்பில் இருந்தன. 1947இல் தில்லியில் நடைபெற்ற ஆசிய உறவுகள் மாநாட்டில் திபெத்தியத் தூதுக்குழு தனியாகக் கலந்துகொண்டது. நிதித்துறை அதிகாரி சகப்பா 1948இல் திபெத்திய அரசு வழங்கிய கடவுச்சீட்டோடுதான் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் சென்றுவந்தார்.

நடைமுறையில் திபெத் தனி நாடாகவே இயங்கியது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அந்த நாற்பது ஆண்டுகளில் எந்தப் பெருவல்லரசும் அதை முறைப்படி அங்கீகரிக்கவில்லை. அங்கீகாரத்தைத் தேடிப் பெறும் முயற்சியை லாசாவும் காலத்தோடு செய்யவில்லை. படையைச் சீர்திருத்தவும் ஆங்கிலப் பள்ளி நடத்தவும் 13ஆம் தலாய் லாமா முயன்றபோது, பெரிய மடாலயங்களின் எதிர்ப்பு அவற்றை முடக்கியது. அதே சிங் பேரரசின் சரிவில் அதே காலத்தில் பிரிந்துசென்ற வெளிமங்கோலியா, சோவியத் ஆதரவைப் பெற்று, 1961இல் ஐ.நா.வில் உறுப்பு நாடாகவே அமர்ந்துவிட்டது. இரண்டின் வரலாற்று உரிமைக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. கைகொடுக்க ஆள் இருந்ததும் இல்லாததும்தான் வேறுபாடு. 1950 அக்டோபரில் கிழக்குத் திபெத்தின் சாம்தோவில் சீனப் படை தாக்கியபோது திபெத் ஐ.நா.விடம் முறையிட்டது, அதை எடுத்துப் பேசியது எல் சால்வடார் என்ற சின்னஞ்சிறு நாடு மட்டுமே. இந்தியாவும் பிரிட்டனும் ஒத்திவைக்கச் சொல்லின. மறு ஆண்டு மே மாதம், திபெத்தைச் சீனாவோடு இணைக்கும் 17 அம்ச ஒப்பந்தத்தில் திபெத்தியப் பிரதிநிதிகளிடம் பெய்ஜிங்கில் கையெழுத்து வாங்கப்பட்டது.

கேள்வி: ஆசனூரைத் தாண்டிக் கொள்ளேகால் செல்லும் மலைப்பாதையில் ஓரிடத்தில் வண்ணத் துணிக்கொடிகளும் பௌத்த மடாலயமும் கண்டேன். திபெத்தியர்கள் அங்கே எப்படி வந்தார்கள்?
– கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: நீங்கள் கண்டது ஒடெயர்பாளையா அருகே உள்ள தோன்டென்லிங் குடியிருப்பு. தமிழ்நாட்டு எல்லைக்கு மிக அருகிலுள்ள திபெத்தியக் குடியிருப்பு அதுதான், 1970களில் உருவானது.

கதை 1959 மார்ச் 10இல் தொடங்குகிறது. சீனப் படைமுகாமில் நடக்கும் கலை நிகழ்ச்சிக்குத் தலாய் லாமா மெய்க்காவலர்கள் இல்லாமல் வரவேண்டும் என்று சொல்லப்பட்டதும், அவரைக் கடத்திவிடுவார்கள் என அஞ்சிய லாசா மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு நோர்புலிங்கா அரண்மனையைச் சூழ்ந்துகொண்டனர். மார்ச் 17 இரவு சாதாரணப் படைவீரனைப் போல உடையணிந்து வெளியேறிய தலாய் லாமா, மார்ச் 31இல் தவாங் பகுதி வழியாக இந்திய எல்லைக்குள் வந்தார். அவரைப் பின்பற்றி ஏறத்தாழ 80,000 பேர் இமயத்தைக் கடந்தனர்.

வந்தவர்களை முதலில் அசாமின் மிசாமாரி போன்ற முகாம்களில் தங்கவைத்தார்கள். பனிநாட்டுக் கம்பளி உடுப்போடு அசாமின் வெயிலுக்குள் இறங்கியவர்களில் நோய்க்குப் பலியானவர்கள் பலர். பிறகு இமாசலம், சிக்கிம் போன்ற இடங்களில் சாலை போடும் வேலைக்குச் சிதறிப் போனார்கள். பெற்றோர் பாறை உடைக்க, கைக்குழந்தைகள் சாலையோரக் கூடாரங்களில் கிடந்தன; அவற்றில் கணிசமானவை இறந்தும் போயின. இந்த நிலை நீடித்திருந்தால் ஒரு தலைமுறைக்குள் திபெத்தியர்கள் வட இந்தியாவின் கூலித்தொழிலாளர் கூட்டத்தில் கரைந்திருப்பார்கள்.

அதைத் தடுத்தது, அவர்களைக் கூட்டமாக ஓரிடத்தில் குடியமர்த்துவது என்று பிரதமர் நேருவும் தலாய் லாமாவும் சேர்ந்து எடுத்த முடிவு. நேரு மாநில அரசுகளுக்கு எழுதினார். தாராளமாக முன்வந்தது அன்றைய மைசூர் மாநிலம். பெரியபட்டணம் வட்டத்துப் பைலகுப்பேயில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் காட்டு நிலம் ஒதுக்கப்பட்டு, 1960இல் முதல் தொகுதியினர் வந்து இறங்கினார்கள். மரங்களை வெட்டிக் காட்டைத் திருத்தினார்கள். யானைகள் பயிரை அழித்தன. பார்லியும் யாக் எருமையும் தவிர வேறு அறியாதவர்கள் மக்காச்சோளம் பயிரிடக் கற்றார்கள். கூட்டுறவுச் சங்கம் வைத்து டிராக்டர் வாங்கினார்கள். பின்னர் முண்டகோடு, ஹுன்சூர், கொள்ளேகால் என்று கர்நாடகத்தில் குடியிருப்புகள் பெருகின. ஒவ்வொன்றிலும் பள்ளி, மருத்துவமனை, முதியோர் இல்லம், கூட்டுறவுச் சங்கம், மடாலயம் ஆகியன ஒரே வளாகம் போல அடுத்தடுத்து இருக்கும். தெருவில் விளையாடும் குழந்தைக்கும் கடைக்காரருக்கும் பொதுவான மொழி திபெத்தியமாகவே நீடித்ததற்கு இந்த அமைப்புதான் காரணம். பக்கத்து ஊர்க்காரர்களோடு அவர்கள் கன்னடம் பேசுவதையும் நீங்கள் அங்கே கேட்கலாம்.

கேள்வி: பள்ளிக்கூடம் இல்லாமல் எந்த மொழியும் நிலைக்காது என்று நம்புகிறவள் நான். திபெத்தியர்கள் தங்கள் மொழியை எப்படிக் காக்கிறார்கள்? திபெத்துக்குள் நிலைமை என்ன?
– தமிழாசிரியை, நாகர்கோவில்

பதில்: உங்கள் நம்பிக்கையை மெய்ப்பித்தவர்கள் அவர்கள். 1960 மே மாதம் சாலைப்பணி முகாம்களிலிருந்து 51 குழந்தைகள் இமாசலத்தின் தரம்சாலாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். தலாய் லாமாவின் மூத்த சகோதரி செரிங் டோல்மா அவர்களைப் பராமரித்தார். 1964இல் அவர் மறைந்த பின் தங்கை ஜெட்சுன் பேமா பொறுப்பேற்றுப் பல பத்தாண்டுகள் நடத்தினார். அந்த விடுதிதான் இன்று பல கிளைகளோடு விளங்கும் திபெத்தியக் குழந்தைகள் கிராமம். இந்திய அரசும் 1961இல் திபெத்தியர்களுக்கென்று மத்தியப் பள்ளிகளுக்கான தனி நிருவாகத்தை ஏற்படுத்தியது. தொடக்க வகுப்புகளில் கணக்கும் அறிவியலும் திபெத்திய மொழியிலேயே கற்பிக்கப்படுகின்றன. அதற்கான பாடநூல்களையும் கலைச்சொற்களையும் அவர்கள் புதிதாக உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. எழுத்துப் பயிற்சிக்குச் சுண்ணப்பொடி தூவிய நீண்ட மரப்பலகையும் மூங்கில் பேனாவும் வைத்துக்கொள்ளும் பழைய முறை உண்டு. முப்பது மெய்யெழுத்துகளும் நான்கு உயிர்க்குறிகளும் பலகையில் பெரிதாக விழும்போது, கோட்டின் தடிமன் எங்கே பருக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்பதை விரல்கள் பழகிக்கொள்கின்றன. இந்த எழுத்து 7ஆம் நூற்றாண்டில் இந்திய எழுத்து ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டு அமைக்கப்பட்டது என்பதும், அதற்காக இந்தியாவுக்கு வந்து பயின்றவர் தோன்மி சம்போட்டா என்பதும் அவர்களுடைய மரபு.

திபெத்துக்குள் நிலைமை மிகவும் கவலைக்குரியது. திபெத்தியக் குழந்தைகள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் அரசின் உறைவிடப் பள்ளிகளில் குடும்பத்திலிருந்து பிரித்து வளர்க்கப்படுகிறார்கள் என்றும், அங்கே கல்வி பெரும்பாலும் மாண்டரின் என்ற சீன மொழி வழியில் நடக்கிறது என்றும் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர்கள் மூவர் 2023 பிப்ரவரியில் எச்சரித்தனர். சீனா இதை மறுக்கிறது. கிராமத்துச் சிறு பள்ளிகள் மூடப்படுவதால் பெற்றோருக்கு வேறு வழியும் இருப்பதில்லை. 2021 முதல் சிறுபான்மையினர் பகுதிகளில் மழலையர் பள்ளியிலேயே மாண்டரின் புகுத்தப்படுகிறது. பள்ளிகளில் திபெத்திய மொழியை முறையாகக் கற்பிக்க வேண்டும் என்று சீனச் சட்டத்தையே மேற்கோள் காட்டி வாதாடிய யுஷுவைச் சேர்ந்த வணிகர் தாஷி வாங்சுக், ஒரு காணொளியில் பேசியதற்காக 2016இல் கைது செய்யப்பட்டு, பிரிவினையைத் தூண்டினார் என்று ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அவர் சுதந்திரம் கேட்கவில்லை. தம் ஊர்ப் பிள்ளைகள் தாய்மொழியில் எழுதப் படிக்க ஒரு வகுப்பு வேண்டும் என்றுதான் கேட்டார். ஆசிரியரான உங்களுக்கு இதன் கனம் நான் சொல்லாமலே புரியும்.

கேள்வி: நிலமே இல்லாத அரசுக்குத் தேர்தல் நடத்துகிறார்களாமே?
– திருவாரூர் வாசகர்

பதில்: நடத்துகிறார்கள், மிகுந்த ஈடுபாட்டோடு. 1960 செப்டம்பர் 2இல் முதல் மக்கள் பிரதிநிதிகள் பதவியேற்றார்கள். அந்த நாளை அவர்கள் ஜனநாயக நாளாகக் கொண்டாடுகிறார்கள். தரம்சாலாவில் இயங்கும் அவர்களுடைய நாடுகடந்த நாடாளுமன்றத்தில் இன்று 45 இடங்கள். உ–ட்சாங், காம், ஆம்தோ ஆகிய மூன்று மரபுவழி மாகாணங்களுக்குத் தலா பத்து. நான்கு பௌத்தப் பிரிவுகளுக்கும், பௌத்தத்துக்கு முந்தைய ‘பொன்’ (Bon) என்ற சமயத்துக்கும் தலா இரண்டு. மீதி ஐந்தும் மேலைநாடுகளிலும் ஆஸ்திரேலியா, ஆசியாவின் பிற நாடுகளிலும் வாழ்பவர்களுக்கு. இழந்துபோன மாகாணங்களின் பெயரிலேயே இன்றும் வாக்களிக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆம்தோவைக் கண்ணால் கண்டிராத இளைஞன், பைலகுப்பேயில் வரிசையில் நின்று ஆம்தோவின் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கிறான். வாக்குரிமைக்குப் பச்சை நிற அட்டை போட்ட சிறு புத்தகம் ஒன்று வேண்டும்; அதில் வாக்காளர் ஆண்டுதோறும் தாமாகச் செலுத்தும் சிறு தொகை பதியப்பட்டிருக்கும்.

இதில் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. 1963இலேயே, தம் அதிகாரத்தைப் பறிக்கும் வழிவகையும் அரசியல் சாசன வரைவில் இருக்க வேண்டும் என்று தலாய் லாமா வற்புறுத்தினார். மக்கள்தாம் அதை ஏற்கத் தயங்கினார்கள். 2001இல் நிருவாகத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் தலாய் லாமா அரசியல் பொறுப்பு முழுவதையும் துறந்தார். 1642 முதல் தலாய் லாமாக்கள் வகித்துவந்த ஆட்சியதிகாரம் அத்தோடு முடிந்தது. இந்த நிருவாகத்தை இந்தியா உட்பட எந்த நாடும் அரசாக அங்கீகரிக்கவில்லை. ஆயினும் பள்ளி, மருத்துவம், குடியிருப்பு, நூலகம் அனைத்தையும் அதுவே நடத்துகிறது.

கேள்வி: இத்தனை ஆண்டுகள் இங்கே வாழ்ந்தும் அவர்கள் ஏன் இந்தியக் குடியுரிமை பெறவில்லை?
– வங்கி ஊழியர், திருச்சி

பதில்: சிலர் பெற்றிருக்கிறார்கள். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர்கள் சட்டப்படி பிறப்பிலேயே குடிமக்கள். திபெத்தியர்களுக்கும் இது பொருந்தும் எனத் தில்லி உயர்நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. மற்றவர்கள் பதிவுச் சான்றிதழை உரிய காலத்தில் புதுப்பித்துக்கொண்டு, வெளிநாடு செல்ல மஞ்சள் நிற அடையாளச் சான்றுப் புத்தகத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் படும் பாட்டை ஒவ்வொரு திபெத்தியரும் சொல்வார். இருந்தும் பலர் தயங்குவது, அகதி என்ற நிலையைக் கைவிட்டால் நாடு திரும்பும் உரிமையையே விட்டுக்கொடுத்ததாகும் என்ற எண்ணத்தால்தான். இளைய தலைமுறை இதை ஏற்பதில்லை. கடவுச்சீட்டு வேறு, தேசப்பற்று வேறு என்கிறார்கள் அவர்கள். வேலையும் நிலமும் வங்கிக் கடனும் குடியுரிமையைச் சார்ந்திருக்கும்போது, அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: தலாய் லாமா சுதந்திரம் கேட்கிறாரா, இல்லையா?
– கடலூர் வாசகர்

பதில்: கேட்கவில்லை. 1988இல் ஸ்ட்ராஸ்பூரில் ஆற்றிய உரையிலிருந்தே, சீனாவுக்குள் உண்மையான தன்னாட்சி போதும் என்பது அவர் நிலைப்பாடு. 2002 முதல் 2010 வரை அவருடைய தூதர்கள் சீன அதிகாரிகளோடு ஒன்பது சுற்றுப் பேச்சு நடத்தினார்கள்; பலனில்லை. 1970இல் தொடங்கிய திபெத்திய இளைஞர் காங்கிரஸ் முழுச் சுதந்திரத்தையே வேண்டுகிறது. இந்தக் கருத்து வேறுபாட்டை மறைக்காமல் பொதுவெளியில் விவாதிப்பதை அந்தச் சமூகத்தின் வலிமையாகவே காண்கிறேன்.

கேள்வி: திபெத்தியப் பௌத்தத்துக்கும் தமிழகத்துக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா?
– மதுரை வாசகர்

பதில்: ஆழமான தொடர்பு உண்டு. பௌத்தத் தருக்கவியலின் பெரும் ஆசான் திக்நாகர் காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்கிறது பௌத்த மரபு. அவருடைய ‘பிரமாணசமுச்சயம்’ சமஸ்கிருத மூலத்தில் முழுமையாகக் கிடைக்காமல் போய், திபெத்திய மொழிபெயர்ப்புகளில்தான் நமக்குக் கிடைத்தது. திபெத்தியர்கள் தங்கள் ஏடுகளைச் சுமந்துகொண்டு இமயத்தைக் கடந்தபோது, இந்தியா தொலைத்த நூல்களும் அவற்றோடு இந்தியாவுக்குத் திரும்பின. சாரநாத்தில் 1967இல் தொடங்கிய உயர் திபெத்தியக் கல்வி நிறுவனம், அத்தகைய நூல்களைத் திபெத்தியத்திலிருந்து மீண்டும் சமஸ்கிருதத்துக்கு மீட்டெடுக்கும் பணியைச் செய்துவருகிறது.

இது ஏட்டுக்கல்வி மட்டுமன்று. 1959க்குப் பின் ஏறத்தாழ 1,500 துறவிகள் வங்காளத்தின் பக்சாவில் பிரிட்டிஷார் காலத்துச் சிறைமுகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். காசநோய் வாட்டியபோதும் அங்கேயே பாடம் நடத்தினார்கள். பத்தாண்டுகளுக்குப் பின் அவர்களே தெற்கே வந்து செராவைப் பைலகுப்பேயிலும், திரேபுங், கந்தென் மடாலயங்களை முண்டகோட்டிலும் மீண்டும் எழுப்பினார்கள். மாலையில் அங்கே தருக்கக் களத்துக்குச் சென்று பாருங்கள். விடை கூறுபவர் தரையில் அமர்ந்திருப்பார். வினவுபவர் எதிரே நின்று, இடக்காலைத் தூக்கி ஓங்கி மிதித்து, வலக்கையை இடக்கையில் அறைந்து கேள்வியை வீசுவார். விடையில் முன்னுக்குப் பின் முரண் தெரிந்தால் சுற்றியிருப்பவர்கள் ஆரவாரம் செய்வார்கள். அவர்கள் மனப்பாடமாக மேற்கோள் காட்டுவது திக்நாகரின் வழிவந்த தர்மகீர்த்தியின் ‘பிரமாணவார்த்திக’த்தை. கெஷே என்ற உயர் பட்டத்துக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இப்படிப் பயில வேண்டும். பழைய திபெத்தில் பெண் துறவிகளுக்கு மறுக்கப்பட்டிருந்த அந்தப் பட்டத்தை 2016இல் இருபது பெண் துறவிகள் பெற்றார்கள். மரபைக் காப்பதென்பது பழையதை அப்படியே பொட்டலம் கட்டி வைப்பதாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

கேள்வி: எங்கள் ஊரின் பார்க்டேல் பகுதியில் திபெத்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. அவர்கள் பிள்ளைகள் திபெத்தியர்களாக நீடிப்பார்களா?
– டொரோன்டோ வாசகர்

பதில்: திபெத்தியப் பெற்றோர் தூக்கம் இழப்பது இந்தக் கேள்வியால்தான். அமெரிக்கா 1990இல் ஆயிரம் திபெத்தியர்களுக்குக் குடியேற்ற வாய்ப்பு அளித்தது. கனடா 2013 முதல் அருணாசலப் பிரதேசக் குடியிருப்புகளிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் பேரை ஏற்றது. அவர்கள் வழியே உறவினர்களும் சென்றார்கள். 2009இல் திபெத்திய நிருவாகம் எடுத்த கணக்கில் இந்தியாவில் இருந்தவர்கள் ஏறத்தாழ 94,000 பேர். அந்த எண்ணிக்கை அதன்பின் குறைந்துகொண்டே வருகிறது. 2008இல் திபெத்தில் எழுந்த கிளர்ச்சிக்குப் பின் எல்லைக் காவல் இறுகியதால், முன்பு ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் வந்த புதியவர்களின் வரத்தும் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. குடியிருப்புப் பள்ளிகள் சில மாணவர் இன்றி மூடப்பட்டோ இணைக்கப்பட்டோ விட்டன. மடாலயங்களில் இளம் துறவிகளாகச் சேர்பவர்களில் பலர் லடாக், ஸ்பிதி, நேபாளம், அருணாசலம் ஆகிய இடங்களின் பிள்ளைகள்.

உங்கள் ஊரில் ஞாயிறு வகுப்புகள் நடக்கின்றன. புதன்கிழமைதோறும் திபெத்திய உடை உடுத்தித் திபெத்திய மொழியே பேசுவது என்ற வழக்கமும் 2008க்குப் பின் பரவியிருக்கிறது. ஜனவரியைத் தமிழ் மரபு மாதமாக 2014இல் சட்டமாக்கிய அதே ஒன்டாரியோ சட்டமன்றம், பார்க்டேல் தொகுதியின் உறுப்பினராயிருந்த பூட்டிலா கர்போச்சேயின் முயற்சியால் 2020இல் ஜூலையைத் திபெத்திய மரபு மாதமாக்கியது. இவை நல்லவை. ஆனால் வாரம் ஒரு நாள் வகுப்பு, பைலகுப்பேயின் தெரு செய்த வேலையைச் செய்துவிடாது. உங்கள் ஊரில் பிறந்த பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் இந்தியக் குடியிருப்புகளுக்கு அனுப்புவதில் பெற்றோர் காட்டும் அக்கறையையே நான் பெரிதும் நம்புகிறேன்.

கேள்வி: அடுத்த தலாய் லாமாவை யார் தேர்ந்தெடுப்பார்கள்?
– புதுச்சேரி வாசகர்

பதில்: மறைந்த லாமாக்களின் மறுபிறவிகளாகக் கருதப்படும் குழந்தைகளை அங்கீகரிக்க அரசு ஒப்புதல் வேண்டும் என்று சீனா 2007இல் ஆணையிட்டது. தலாய் லாமா மரபு தொடரும் என்றும், அடுத்தவரை அறியும் பொறுப்பு தம்முடைய கந்தென் போட்ராங் அறக்கட்டளைக்கே உரியது என்றும் 2025 ஜூலை 2இல் தலாய் லாமா அறிவித்தார். எனவே இருவர் அறிவிக்கப்படும் வாய்ப்பு அதிகம். 1995இல், தலாய் லாமாவுக்கு அடுத்த உயர்நிலையில் வைத்துப் போற்றப்படும் பஞ்சென் லாமாவாகத் தலாய் லாமா அங்கீகரித்த ஆறு வயதுச் சிறுவன் கெதுன் சோக்கி நிமா, மூன்றே நாட்களில் குடும்பத்தோடு சீனக் காவலுக்குக் கொண்டுசெல்லப்பட்டதும், அதன்பின் பொதுவெளியில் காணப்படாததும், அவருக்குப் பதில் வேறொருவர் அமர்த்தப்பட்டதும் நினைவில் கொள்ளத்தக்கவை. புதிய தலாய் லாமாவாக அறியப்படும் குழந்தை வளர்ந்து பொறுப்பேற்க இருபது ஆண்டுகளேனும் ஆகும். அந்த இடைவெளியில் சமூகத்தை நடத்த மக்கள் தேர்ந்தெடுத்த தலைமை வேண்டும் என்பதை முன்னறிந்தே, 2011இல் இன்றைய தலாய் லாமா அரசியலிலிருந்து விலகினார் என்று கருதுகிறேன்.

கேள்வி: பைலகுப்பேயை நாங்கள் போய்ப் பார்க்கலாமா? அனுமதி வேண்டுமா?
– கோவை வாசகர்

பதில்: தாராளமாகப் பார்க்கலாம், இந்தியக் குடிமக்களுக்கு அனுமதி தேவையில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர் உடன் வந்து குடியிருப்பில் தங்குவதானால், உள்துறை அமைச்சகத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். குடகுக்குச் செல்பவர்கள் பொதுவாக நம்ட்ரோலிங் மடாலயத்தின் பொன் மெருகிட்ட மூன்று பெரிய சிலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஒருநாள் கூடுதலாக ஒதுக்கிச் செரா மடாலயத்தின் தருக்கக் களத்தையும், கூட்டுறவுச் சங்கத்தின் கம்பளக் கூடத்தையும் பாருங்கள். வழிபாட்டு நேரத்தில் கேமராவை உள்ளே கொண்டுசெல்லாதீர்கள். உதகையிலும் நம் நகரங்களிலும் குளிர்காலத்தில் ஸ்வெட்டர் விற்கும் திபெத்தியர்களில் பலர் இந்தக் கர்நாடகக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். அவர்களிடம் எந்தக் குடியிருப்பு என்று கேட்டால், எந்தப் பேருந்தில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.